எலும்பின் கழுத்தில் ஒரு பழைய கோடு

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். உடம்புக்கு மேலே ஒரு இயந்திரக் கை மெதுவாக நகர்ந்து போனது. தொடவில்லை, அமுக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு காகிதம் வந்துவிட்டது. என் இடுப்பெலும்பு எவ்வளவு கெட்டி என்று அதில் போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உடைக்காமலே எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த டாக்டர் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டார். "உடைச்சுப் பாத்தா அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போவீங்க ஆண்ட்டி?"

"நான் பத்தொன்பது வருஷம் உடைச்சுத்தான் பாத்தேன். மனுச எலும்பு."

நர்சு பேனாவைக் கீழே போட்டாள். கூட வந்திருந்த என் மருமகள் சுமதி, அத்தை யுனிவர்சிட்டியில் எலும்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் என்று அவசர அவசரமாக விளக்கம் சொன்னாள்.

காகிதத்தில் என் எலும்பு என் வயதுக்கு மிக நன்றாக இருப்பதாகத்தான் போட்டிருந்தது. "ரொம்ப ஸ்ட்ரோங் லா ஆண்ட்டி நீங்க," என்றார் டாக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு, "இடுப்புல, தொடையில வலி ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அது பொய். மூன்று மாதமாக வலது தொடை இடுக்கில் நடக்கும்போதெல்லாம் ஒரு வலி இருந்தது. உட்கார்ந்தால் போய்விடும், எழுந்து நடந்தால் வந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிற ஆள் இல்லை.

கிளினிக் கதவுவரை நடந்து போனேன். கைப்பிடியைத் தொட்டதும் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசாயில் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள், ஆண்டு மலருக்கு எழுதுங்கள் அக்கா என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். உட்கார நேரமில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் காஹாங்கில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இன்னும் தகராறுதான். அதைச் சுமதி திருத்தித் தந்திருக்கிறாள். விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை. வைக்க விடவும் மாட்டேன்.

எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினேன். கல்யாணமாகி மாசாய்க்கு வந்ததும் தொழிற்சாலைகளில் துப்புரவு வேலை. அதன்பிறகு குத்தகைக்காரர் என்னை யுனிவர்சிட்டியில் ஒரு கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு கூடத்தில் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் மாட்டு எலும்பிலிருந்து இறைச்சியைக் கத்தி போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. குடுங்க தம்பி என்று வாங்கி, கத்தியின் முதுகால் நெம்பி, ஈரத் துணியால் முறுக்கி, சவ்வை உரித்து எடுத்துக் கொடுத்தேன். பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவர்தான் டாக்டர் புவனேஸ்வரி. அந்தக் கூடத்துக்குத் தலைவி. சிலோன்காரக் குடும்பம், தகப்பனார் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒல்லியான உருவம். வெள்ளைக் கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார், மூன்றாவது மடிப்பு கிடையாது. எலும்பை வாங்கிப் பூதக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறலும் இல்லை," என்றார். "கத்திக் கீறல் இருந்தா வெடிப்பு அதிலதான் தொடங்கும். பிறகு எலும்பின்ட பலமா, கத்தியின்ட குற்றமா எண்டு ஆருக்கும் தெரியாது."

அடுத்த மாதமே விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு கையுறையைக் கொடுத்தார்கள். என் கை பட்ட எலும்பில் கீறல் இருந்ததாகப் பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

வேலை பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. எலும்பைக் காயவிடக் கூடாது. காய்ந்த எலும்பு பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், ஆனால் வளைந்து கொடுக்காமல் படக்கென்று போய்விடும். நம் உடம்புக்குள் எலும்பு ஈரமாகத்தான் இருக்கிறது. அதனால் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற உப்புத் தண்ணீரில், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை நனைத்து, எலும்பில் சுற்றி, பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, பிரீசரில் வைப்போம். பரிசோதனைக்கு முதல் நாள் வெளியே எடுத்து மெதுவாக உருக விடுவோம். அவசரம் என்று வெந்நீர் காட்டினால் எலும்பு கெட்டது. ஒவ்வொரு பைக்கும் ஒரு எண் இருக்கும். எனக்கு எண் தெரியும், எழுத்துதான் தகராறு. அதனால் வலது எலும்புக்குச் சிவப்பு நூல், இடது எலும்புக்குப் பச்சை நூல் என்று நான் கட்டி வைத்தேன். பிறகு எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே இரண்டு உருளை, மேலே ஒரு உருளை. எலும்பைக் கீழ் உருளைகள் மேல் படுக்க வைத்தால், மேல் உருளை அரிசி அளவு அரிசி அளவாக இறங்கும். திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும். கொஞ்சம் வளையும். பிறகு விழும். எவ்வளவு உயரம் ஏறியதோ அது அதன் பலம். வளைந்த பிறகு எவ்வளவு தூரம் தாக்குப் பிடித்ததோ அது அதன் பொறுமை. இந்தப் பொறுமை என்ற பேர் நான் வைத்தது. வயது போகப் போக பலத்தைவிடப் பொறுமைதான் முதலில் குறைகிறது.

முதல் மனித எலும்பு உடைந்த நாளில் நான் வெளியே ஓடிவிட்டேன். படார் என்று கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்படிக் கேட்கவில்லை. பச்சைக் கிளை முறிகிற மாதிரி முனகி முனகி, கடைசியில் ஒரு சத்தம். எனக்கு என் கால் உடைந்த மாதிரி இருந்தது.

இறந்த பிறகு உடலைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் எலும்புகள் அவை. அவற்றை உடைக்கிற நாளில் கூடத்தில் பாட்டு கிடையாது, கேலி கிடையாது. டாக்டர் அட்டையைப் படிப்பார். பெயர் இருக்காது, ஆணா பெண்ணா, வயது, செய்த தொழில், அவ்வளவுதான். ஒரு நிமிடம் எல்லாரும் நிற்போம். பிறகுதான் மெஷினைத் தொடுவார்.

டாக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது தப்பு நடந்தால் கத்த மாட்டார். ஒரே ஒரு தடவை கேட்பார். "ஒருக்காத்தான் கேப்பன்," என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். கேட்டுவிட்டு நிற்பார். பதில் வரும்வரை, கால் மணி ஆனாலும் நிற்பார். அந்த நிற்பைத் தாங்க முடியாமல் பெரிய பெரிய படிப்பு படித்தவர்களெல்லாம் உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். வந்த பதிலை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டாவது கேள்வி கிடையாது.

என்னிடம் அவர் அப்படிக் கேட்டது ஒரே ஒரு முறை.

அப்போது நூருல் என்ற மலாய்ப் பெண் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்னை மக்சிக் என்று கூப்பிடுவாள், மலாயில் அத்தை மாதிரி. வயதான பெண்கள் விழும்போது இடுப்பு ஏன் முறிகிறது என்பது அவள் கேள்வி. தொடை எலும்பின் மேல் பக்கம் ஒரு குண்டு இருக்கும், அதையும் தண்டையும் சேர்க்கிற மெல்லிய பாகம்தான் கழுத்து. முறிவது அங்கேதான். அதனால் எலும்பின் கீழ்ப் பாதியைப் பிசினில் பதித்து, சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் விழுந்தால் எப்படி அடி படுமோ அப்படி அமுக்குவோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு எலும்பையும் ஸ்கேன் எடுத்து, எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து வைப்பாள். அடர்த்தி கூடினால் பலமும் கூட வேண்டும். கூடுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய மூன்று வருட வேலை. அவளுக்குக் கொடுத்த காலம் முடிய ஐந்து மாதம்தான் பாக்கி.

ஒரு நாள் மதியம் அடுத்த நாளுக்கான அட்டையை டாக்டர் படித்துக் காட்டினார். பெண். எழுபத்தொன்று. தோட்டத் தொழிலாளி, ரப்பர் மரம் சீவியவர். கடைசிக் காலம் முதியோர் இல்லம். உரிமை கோர உறவினர் இல்லை. ஸ்கேனில் கழுத்து நல்ல கெட்டி, இந்த வரிசையிலேயே இதுதான் சிறந்த எலும்பு என்று நூருல் சந்தோஷமாகச் சொன்னாள்.

அட்டையில் பெயர் இல்லாவிட்டால் என்ன? என் அம்மாவும் மரம் சீவியவள். இது நம் பெண்பிள்ளை.

எங்கள் வழக்கத்தில் எரித்த மறுநாள் போய் எலும்பு பொறுக்குவார்கள். பாலும் இளநீரும் ஊற்றிக் கழுவி, சட்டியில் எடுத்துக் கடலில் கரைப்பார்கள். அது ஆண்கள் வேலை, பெண்கள் போவதில்லை. என் அம்மாவுக்கே நான் வெளியேதான் நின்றேன். இந்த அம்மாளுக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அப்படியே மெஷினில் வைத்து உடைப்பதா?

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, சாப்பாட்டுத் தூக்கில் கொண்டுவந்த பாலையும் ஒரு இளநீரையும் அந்த அம்மாளின் வலது எலும்பின் மேல் ஊற்றிக் கழுவினேன். கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுவருவதே குற்றம். கழுவியதோடு விட்டேனா? உப்புத் தண்ணீர் எதற்கு, இளநீரைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா என்று, மிச்சமிருந்த இளநீரிலேயே காஸ் துணியை நனைத்துச் சுற்றி வைத்துவிட்டேன். சிவப்பு நூலைக் கட்டிவிட்டுக் கும்பிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் நூருல் பொத்தானை அழுத்தினாள். திரையில் கோடு ஏறத் தொடங்கியது. பாதிகூட ஏறவில்லை. பிஸ்கட் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கோடு விழுந்துவிட்டது.

நூருலின் வாய் திறந்தபடியே இருந்தது. சிறந்த எலும்பு என்று சொன்னது, வரிசையிலேயே மோசமாக உடைந்திருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாரியாயி, இந்த எலும்பில வழக்கமில்லாத எதுவும் நடந்ததோ?"

கேட்டுவிட்டு நின்றார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், என் கையுறையைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்," என்றேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, மாரியாயி கை பட்டால் தப்பு நடக்காது என்று பத்து வருடம் வாங்கிய பேர் இருந்ததே, அது போய்விடும் என்ற பயம்தான் பெரிது.

அடுத்த மூன்று நாள் நூருல் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மெஷினைக் கழற்றிப் பூட்டினாள். எடைக் கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, திரையில் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாள். சரியாகக் காட்டியது. பிசின் கலந்த அளவைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தாள். மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மக்சிக், என் கைதான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறது, ஒரு அம்மா கொடுத்த எலும்பை வீணாக்கிவிட்டேன் என்று மலாயில் சொல்லி அழுதாள். இனி அவளுடைய கணக்கு முழுவதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்றாள். என் கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்ன முடியவில்லை.

மறுநாள் அந்த அம்மாளின் இடது எலும்பை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் டாக்டரின் அறைக்குப் போனேன்.

"டாக்டர், நீங்க ஒரு தடவைதான் கேப்பீங்க. அது தெரியும். இப்ப கேக்காமலே சொல்றேன்."

பால், இளநீர், துணி, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் செய்தாய் என்று கேட்பார், போ வெளியே என்பார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்வளவு இளநீர்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "ஒரு காய்."

"எத்தனை மணித்தியாலம் துணியில இருந்தது?"

சொன்னேன். நோட்டை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கோ."

"எனக்கு இங்கிலீஷும் வராது, மலாயும் எழுத வராது டாக்டர்."

"தமிழில எழுதுங்கோ. செய்த ஆளின்ட கையாலதான் இருக்கவேணும்."

ஆறு வரி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இளநீருக்கு எந்த ள என்று அவரிடமே கேட்டேன். சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. சந்தைக்குப் போய் ஆட்டுத் தொடை எலும்பு, ஒரே ஆட்டின் இடதும் வலதுமாக, சோடி சோடியாக வாங்கிவரச் சொன்னார். இடதை வழக்கம்போல் உப்புத் தண்ணீரில். வலதை நான் அன்றைக்கு எப்படிச் செய்தேனோ அப்படியே, பால், இளநீர், துணி, அத்தனை மணி நேரம். "ஒண்டும் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கும்பிட்டீங்களோ?" என்று கேட்டார். கும்பிட்டேன் என்றேன். "அப்ப கும்பிடுங்கோ," என்றார். கேலி இல்லை. ஆட்டெலும்பைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் கும்பிட்டேன். நூருல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

அத்தனை சோடியையும் உடைத்துப் பார்த்தோம். இடதுக்கும் வலதுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஒரு ராத்திரி இளநீர் எலும்பை ஒன்றும் செய்துவிடவில்லை.

எனக்கு மூச்சு வந்தது. நூருல்தான் முதலில் கேட்டாள், அப்படியானால் அந்த எலும்பு ஏன் உடைந்தது என்று. டாக்டர் பிரீசரிலிருந்து உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துவரச் சொன்னார். முறிந்த முகத்தைக் கழுவி, பூதக் கண்ணாடியின் கீழ் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைத் தந்தார்.

முறிவு முழுக்கப் புதிதாக, கரடுமுரடாக இருந்தது. கழுத்தின் உள்பக்கம், கீழ் விளிம்பில் மட்டும் ஒரு கோடு. அதன் ஓரங்கள் மழுங்கியிருந்தன. சுற்றிலும் எலும்பு தடித்து, வெள்ளையாகி, உடைந்த சட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

"இது நாங்கள் உடைச்சது இல்லை," என்றார் டாக்டர். "இது பழசு. இந்த அம்மா வெடிச்ச எலும்போட நடந்திருக்கிறா. மாசக்கணக்கா, வருசக்கணக்கா தெரியாது. வெடிச்சதை உடம்பு தானே மூடப் பாத்திருக்கு. முழுசா மூடேல்லை."

மூடப் பார்த்த அந்தத் தடிப்புதான் ஸ்கேனில் நல்ல அடர்த்தியாகத் தெரிந்திருக்கிறது. நடக்கும்போது அந்தக் கீழ் விளிம்பு அமுங்கும், அதனால் தாங்கிக்கொண்டது. பக்கவாட்டில் விழுகிற மாதிரி நாங்கள் அமுக்கியபோது அதே விளிம்பு இழுபட்டது. இழுத்ததும் பழைய கோடு வாயைத் திறந்துவிட்டது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் ரப்பர்ப் பால் வாளி தொங்க, மேடும் பள்ளமுமாய் நடக்கிற நடை எனக்குத் தெரியும். அந்த வெடிப்போடு நடந்திருக்கிறாள். யாராவது வலிக்கிறதா என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான்.

டாக்டர் என்னை எழுப்பிவிடவில்லை. அவரும் ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பால் ஊத்தினது பிழைதான். ஆனா அதுக்கு நான் கோவிக்கேல்லை," என்றார். "இல்லை எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதாலதான் மூண்டு நாள் பிழையான இடத்தில தேடினம். இந்தக் கோடு முதல் நாளே எங்கட கண்ணுக்கு முன்னாலதான் கிடந்தது."

இடது எலும்பு வழக்கப்படி உடைந்தது, அதில் கோடு இல்லை. நூருல் தன் ஆராய்ச்சியில் அந்த வலது எலும்புக்குத் தனியாக ஒரு பகுதி எழுதினாள். அடர்த்தியை மட்டும் நம்பினால் எப்படி ஏமாறலாம் என்பதுதான் அதன் சாரம் என்று எனக்குச் சொன்னாள். புத்தகத்தின் பின்னால் என் ஆறு வரியையும் படம் பிடித்துச் சேர்த்திருந்தாள். ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தவில்லை. அந்தப் புத்தகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த பக்கம் அது ஒன்றுதான்.

அந்த அம்மாளின் உடலை எரித்து அஸ்தியைக் கடலுக்குக் கொண்டுபோன நாளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். உடைந்த இரண்டு துண்டும் உடலோடு சேர்ந்து போயிருந்தன. இந்தத் தடவை ஒளித்து வைக்கவில்லை. பாலை நான் ஊற்றினேன், இளநீரை டாக்டர் பிடித்துக்கொண்டார். பெண்கள் செய்யலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம்தான் கிளினிக் கதவின் கைப்பிடியைத் தொட்டபோது என் கண்முன் வந்தது. காகிதத்தில் நல்ல அடர்த்தி. நடந்தால் வலி, உட்கார்ந்தால் இல்லை. கேட்டார்கள், இல்லை என்றேன். என்ன அத்தை, ஏன் நின்னுட்டீங்க என்றாள் சுமதி. நான் திரும்பி உள்ளே நடந்தேன்.

"டாக்டர், நீங்க கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன். வலிக்குது. மூணு மாசமா."

சுமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து போதாது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் படம் டாக்டரின் மேசைத் திரையில் வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, கழுத்தின் உள்பக்கம், கீழ் விளிம்பில் விரலை வைத்தேன்.

மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பிறகு அவசரமாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பின்னால் தள்ளி, இனி ஒரு அடிகூட அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார்.

"எப்படி ஆண்ட்டி அவ்வளவு கரெக்டா கை வெச்சீங்க?"

"இந்த இடத்தை நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.